கணக்குக் கேட்டவர்கள், கணக்குக் காட்டியவர்கள்

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பெற்றோர்களுக்கு மாநிலக் கல்விச் செயலர் ரெபேக்கா ஹோல்கம்பிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி மத்திய அரசின் சட்டப்படி தரம் குறைந்த பள்ளி, இதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது சட்டக் கடமை, தெரிவித்துவிட்டோம், ஆனால் இந்த முத்திரையை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அதன் சாரம். முந்தைய ஆண்டு மாநிலத் தேர்வு நடந்த பள்ளிகள் அத்தனைக்கும் அதே முத்திரை. இத்தனைக்கும் தேசிய அளவிலான தேர்வுகளில் முன்வரிசையில் நிற்கும் சின்ன மாநிலம் அது.

இப்படிக் கடிதம் போட வைத்த சட்டத்தின் பெயர் 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்'. 2002 ஜனவரி 8 அன்று ஒஹையோ மாநிலம் ஹாமில்டன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் வைத்து ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் ஜார்ஜ் மில்லரும் இருந்தார்கள். குடியரசுக் கட்சியின் ஜான் பேனரும் ஜட் கிரெக்கும் இருந்தார்கள். இன்றைய அமெரிக்காவில் இந்தக் கூட்டணியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 3 முதல் 8 வரை எல்லா வகுப்புகளுக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு, உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை. பள்ளியின் சராசரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. கறுப்பினப் பிள்ளைகள், ஹிஸ்பானியப் பிள்ளைகள், ஏழைகள், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் இன்னும் கைவராதவர்கள் என்று ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே காட்ட வேண்டும். 2013-14 கல்வியாண்டுக்குள் நூற்றுக்கு நூறு பேரும் 'தேர்ச்சி' நிலையை எட்டியாக வேண்டும். வெர்மான்ட் கடிதம் அந்தக் கெடு முடிந்த கோடையில் எழுதப்பட்டது.

அமெரிக்க அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. பள்ளி என்பது மாநிலத்தின் பொறுப்பு. மாநிலத்துக்குக் கீழே தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் வாரியங்களின் பொறுப்பு. பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். அந்தப் பத்தில் ஒரு பங்குதான் பிடி. 1965-ல் லிண்டன் ஜான்சன், தான் சிறுவயதில் படித்த டெக்சஸ் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் வாசலில், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கையெழுத்திட்ட சட்டம், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு 'டைட்டில் ஒன்' என்ற நிதியைத் திறந்துவிட்டது. அந்தப் பணத்தால் பிள்ளைகள் உண்மையிலேயே படித்தார்களா என்று கணக்குக் காட்ட வேண்டும் என அப்போதே வற்புறுத்தியவர் செனட்டர் ராபர்ட் கென்னடி. கணக்கு என்ற பெயரில் பல ஆண்டுகள் காகிதம்தான் வந்தது. 1994-ல் கிளிண்டன் காலத்தில் பாடத்தரமும் தேர்வும் கட்டாயமாயின. பல மாநிலங்கள் கெடு தாண்டியும் அசையவில்லை. பிறகுதான் 2002-ன் சாட்டை. நிதியைக் காட்டி மாநிலத்தை வழிக்குக் கொண்டுவரும் கலையைப் பற்றி நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நூற்றுக்கு நூறு என்ற இலக்கை வாஷிங்டன் வகுத்தது. தேர்ச்சி என்றால் என்ன என்பதை மட்டும் அந்தந்த மாநிலத்திடமே விட்டுவிட்டது. கேள்வித்தாளும் மாநிலத்துடையது, தேர்ச்சிக் கோடும் மாநிலத்துடையது. விளைவை 2005-ல் மிசிசிப்பியில் பார்க்கலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 89 விழுக்காட்டினர் வாசிப்பில் தேர்ச்சி என்றது மாநிலத் தேர்வு. அதே ஆண்டு, அதே வகுப்புக்கு, 'நேப்' எனப்படும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வு சொன்னது 18 விழுக்காடு. மாசசூசெட்ஸ் தேர்ச்சிக் கோட்டை உயரத்தில் போட்டிருந்தது. அங்கே இரண்டு கணக்குக்கும் இடைவெளி மிகக் குறைவு. கோட்டை நேர்மையாகப் போட்ட மாநிலத்துக்குத் தோல்வி முத்திரைகள், தரையில் போட்ட மாநிலத்துக்குப் பாராட்டு. இதை எந்தக் குமாஸ்தாவும் முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்திருப்பார்.

கலிஃபோர்னியாவின் சூட்சுமம் வேறு மாதிரி. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கான ஆங்கில இலக்கை அது 13.6 விழுக்காட்டில் தொடங்கி, மூன்று வருடம் அப்படியே வைத்திருந்து, 24.4-க்கு ஏற்றி, அங்கும் மூன்று வருடம் இளைப்பாறியது. மிச்ச உயரமெல்லாம் 2008 முதல், ஆண்டுக்கு 10.8 புள்ளி வீதம், 2014 வரை செங்குத்தாக. எந்தப் பள்ளியும் அப்படி ஏறியதில்லை என்பது திட்டத்தை எழுதியவர்களுக்கும் தெரியும். 2007-ல் சட்டம் மறுபரிசீலனைக்கு வரும், அதற்குள் யாராவது மாற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டிய படிக்கட்டு அது. 2007 வந்தது, போனது. காங்கிரஸ் அசையவில்லை. இதே போலத் தொடக்கத்தில் தாழ்வாகவும் கடைசியில் செங்குத்தாகவும் திட்டம் போட்ட மாநிலங்கள் பல.

ஆள் எண்ணிக்கையிலும் ஒரு வித்தை இருந்தது. ஒரு பிரிவில் மிகச் சில பிள்ளைகளே இருந்தால், அவர்களுடைய மதிப்பெண்ணைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பது விதி. நியாயமான விதிதான், நான்கு பேரை வைத்துச் சதவீதம் போட முடியாது. எத்தனை பேர் என்றால் 'சில' என்பதையும் மாநிலமே முடிவு செய்தது. ஓரிடத்தில் 10 பேர், இன்னோரிடத்தில் 30, வேறோரிடத்தில் 50 அல்லது அதற்கும் மேல். 2006-ல் அசோசியேட்டட் பிரஸ் கணக்கிட்டபோது, சுமார் 19 லட்சம் பிள்ளைகளின் மதிப்பெண்கள் இனவாரிக் கணக்கிலிருந்து நழுவியிருந்தன. ஒரு குழந்தையும் விடுபடக் கூடாது என்று பெயர் வைத்த சட்டத்தில்தான் இது.

பள்ளிக்கூடத்துக்குள் என்ன நடந்தது? ஆண்டு முன்னேற்றக் கணக்கில் ஒரே ஒரு பிரிவு, ஒரே ஒரு பாடத்தில் சறுக்கினாலும் பள்ளி முழுவதும் சறுக்கியதாகவே கொள்ளப்பட்டது. தொடர்ந்து இரண்டு ஆண்டு சறுக்கினால் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை. மூன்றாம் ஆண்டு, டைட்டில் ஒன் பணத்திலிருந்தே வெளியாருக்குக் கட்டணம் கட்டி இலவச டியூஷன். அதற்கு மேலும் போனால் தலைமையாசிரியரை மாற்றுவது, ஆசிரியர்களை மாற்றுவது, பள்ளியைத் தனி நிர்வாகத்திடம் ஒப்படைப்பது. பட்டியலின் கடைசியில் 'வேறு ஏதேனும் பெரிய சீரமைப்பு' என்று ஒரு வரி இருந்தது. பெரும்பாலான பள்ளிகள் தேர்ந்தெடுத்தது அந்த வரியைத்தான். தேர்ச்சிக் கோட்டுக்கு ஒட்டிக் கீழே நிற்கும் பிள்ளைகள் மேல் ஆசிரியர்களின் கவனம் குவிந்தது. வெகு கீழே இருந்த பிள்ளையும், எப்போதோ கோட்டைத் தாண்டிவிட்ட பிள்ளையும் அந்தக் கணக்குக்கு உதவாதவர்கள். தேர்வில் வராத வரலாறும் ஓவியமும் இசையும் கால அட்டவணையில் சுருங்கின.

அட்லாண்டாவில் இந்த அழுத்தம் குற்றமாகவே முடிந்தது. தேர்வு முடிந்த பிறகு விடைத்தாள்களில் தவறான விடைகள் அழிக்கப்பட்டுச் சரியான விடைகள் குறிக்கப்பட்டிருந்தன. ஜார்ஜியா மாநிலம் நியமித்த விசாரணைக் குழு 2011-ல் கொடுத்த அறிக்கை, 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்களைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியது. 2015-ல் 11 பேர் தண்டனைக்குள்ளானார்கள், அதுவும் மாஃபியா கும்பல்களை ஒடுக்கப் பயன்படும் சட்டப் பிரிவில். அந்த மாவட்டத்தின் தலைமைக் கல்வி அதிகாரிக்கு 2009-ல்தான் நாட்டின் சிறந்த அதிகாரி என்ற விருது கிடைத்திருந்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2002-க்கு முன்பு, நல்ல பேர் வாங்கிய எத்தனையோ பள்ளிகளின் சராசரிக்குள் கறுப்பினப் பிள்ளைகளும் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளும் ஒளிந்து கிடந்தார்கள். பணக்காரப் புறநகரின் தலைமையாசிரியரிடம் போய், உங்கள் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்க ஒருவருக்கும் ஆதாரம் இருக்கவில்லை. அந்த ஆதாரத்தைக் கொடுத்தது இந்தச் சட்டம். பொருளாதார அறிஞர்கள் தாமஸ் டீயும் பிரையன் ஜேக்கப்பும் செய்த ஆய்வில், நான்காம் வகுப்புக் கணிதத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. வாசிப்பில் தெரியவில்லை.

2011 வாக்கில் இலக்கு கழுத்தை நெரித்தது. அந்த ஆண்டு நாட்டின் 82 விழுக்காடு பள்ளிகள் தோற்றவையாக அறிவிக்கப்படலாம் என்று கல்வி அமைச்சர் ஆர்னி டங்கன் காங்கிரஸில் எச்சரித்தார். பாதிக்கு அருகே நின்றது உண்மைக் கணக்கு. அதுவே போதிய அபத்தம். காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தாததால் ஒபாமா நிர்வாகம் விதிவிலக்கு வழங்கத் தொடங்கியது. இலவசமாக அல்ல. பாடத்தரத்தை உயர்த்துங்கள், ஆசிரியர்களின் மதிப்பீட்டில் மாணவர் தேர்வு முடிவையும் சேருங்கள், அப்போதுதான் விலக்கு. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வாங்கிக்கொண்டன. வாஷிங்டன் மாநிலத்தின் சட்டமன்றம் ஆசிரியர் மதிப்பீட்டு நிபந்தனைக்கு இணங்கவில்லை. 2014-ல் விலக்குப் பறிபோனது. அந்த மாநிலத்தின் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் ஒரே கோடையில் தோற்றவையாயின. புளோரிடாவில் கல்வி வாரியம் 2012-ல் வாசிப்புக்கு இனவாரி இலக்குகளை வகுத்தது: ஆசியப் பிள்ளைகளுக்கு 90 விழுக்காடு, வெள்ளையருக்கு 88, ஹிஸ்பானியருக்கு 81, கறுப்பினத்தவருக்கு 74. ஒவ்வொரு பிரிவும் எங்கே நிற்கிறது என்பதிலிருந்து கணக்கிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். கறுப்பினப் பெற்றோர்களுக்கு அந்த விளக்கம் எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2015 டிசம்பர் 10 அன்று 'எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ் ஆக்ட்' என்ற புதிய சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். செனட்டில் குடியரசுக் கட்சியின் லாமர் அலெக்சாண்டரும் ஜனநாயகக் கட்சியின் பாட்டி முர்ரேயும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம். 85-க்கு 12 என்று நிறைவேறியது. ஆண்டுத் தேர்வும் பிரிவுவாரிக் கணக்கும், 95 விழுக்காடு பிள்ளைகளாவது தேர்வெழுத வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கின்றன. போனது நூற்றுக்கு நூறும், வாஷிங்டனிலிருந்து வரும் தண்டனைப் பட்டியலும். இலக்கை மாநிலமே வைக்கும், எதற்கு எவ்வளவு எடை என்பதையும் மாநிலமே எழுதும். டைட்டில் ஒன் பள்ளிகளில் கடைசி 5 விழுக்காட்டையும், மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கும் மேல் பட்டம் பெறாமல் போகும் உயர்நிலைப் பள்ளிகளையும் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது அடையாளம் கண்டு உதவ வேண்டும். எப்படி உதவுவது என்பது மாநிலத்தின் பாடு. மத்தியக் கல்வி அமைச்சர் எதையெல்லாம் கட்டளையிடக் கூடாது என்று ஒரு நீண்ட பட்டியலே சட்டத்தில் இருக்கிறது. ஒபாமா நிர்வாகம் கடைசி நேரத்தில் எழுதிய நடைமுறை விதிகளையும் 2017 மார்ச்சில் காங்கிரஸ் ரத்து செய்துவிட்டது.

தேர்வோடு இன்னொரு அளவுகோலும் வேண்டும் என்று புதிய சட்டம் கேட்டது. பெரும்பாலான மாநிலங்கள் எடுத்துக்கொண்டது, பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராமல் போகும் பிள்ளைகளின் கணக்கு. சுலபமாகக் கிடைக்கும் எண் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு அந்த எண் ஏறக்குறைய இரட்டிப்பானபோது, நாட்டின் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொன்னது அதுதான்.

அன்று எல்லா மாநிலமும் ஒரே அறிக்கை அட்டையை வெவ்வேறு தந்திரத்தோடு நிரப்பியது. இன்று அட்டையே வேறு வேறு. கலிஃபோர்னியாவில் முன்பு ஒவ்வொரு பள்ளிக்கும் 200 முதல் 1,000 வரை ஒரே ஒரு எண் இருந்தது. 800-ஐத் தொட்டால் கௌரவம், வீட்டுத் தரகர்களுக்கும் அதுதான் மூலதனம். 2017 முதல் அங்கே எண் இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என ஐந்து நிறங்கள், ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனித்தனியாக. இந்த ஆண்டின் நிலையும், போன ஆண்டிலிருந்து ஏற்பட்ட மாற்றமும் சேர்ந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. நியாயமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் பார்க்கும் ஒரு தாய்க்கு அதிலிருந்து என்ன புரியும் என்பதில் சந்தேகம் உண்டு. புளோரிடா 1999-லிருந்தே பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துத் தரம் கொடுக்கிறது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் மொழி முன்னேற்றத்தையும் சேர்க்க வேண்டும் என்று மத்திய சட்டம் சொன்னபோது, அது தன் எழுத்துத் தரத்தைத் தொடவில்லை. மத்திய அரசுக்கென்று தனியாக இன்னொரு கணக்கு போட்டது. இதனால் மாநிலக் கணக்கில் நல்ல எழுத்து வாங்கிய பள்ளி, மத்தியக் கணக்கில் உதவி தேவைப்படும் பட்டியலில் நிற்கலாம். கடைசியாக ஒப்புதல் பெற்ற திட்டம் புளோரிடாவுடையது, 2018 செப்டம்பர்.

சாட்டை மறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், கை மாறியிருக்கிறது. டெக்சஸ் 2015-ல் தானாகவே ஒரு சட்டம் போட்டது. ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டு தேறாவிட்டாலும், அந்தப் பள்ளியை மூட வேண்டும் அல்லது மாவட்ட வாரியத்தையே மாநிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்லி உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண்ணைக் காட்டித்தான் 2023-ல் ஹூஸ்டன் மாவட்டம் முழுவதையும், அதன் 1,80,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு, மாநிலம் கையிலெடுத்தது. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் வீட்டுக்குப் போனது. நோ சைல்டு சட்டத்தின் உச்சத்தில்கூட வாஷிங்டன் இப்படி ஒரு காரியத்தைச் செய்ததில்லை. அதே டெக்சஸில், மதிப்பெண் முறையை மாற்றியதை எதிர்த்து மாவட்டங்கள் நீதிமன்றம் போனதால் 2023-ன் எழுத்துத் தரம் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது.

மிசிசிப்பி என்ன ஆயிற்று? அது தன் தேர்ச்சிக் கோட்டைத் தேசிய அளவுக்கு அருகே உயர்த்திக்கொண்டது. 2013-ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு வாசிப்புச் சட்டம் போட்டது: மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாவிட்டால் நான்காம் வகுப்பு இல்லை. அதோடு நிறுத்தவில்லை. எழுத்தொலி முறையில் வாசிப்பைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி, மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்குள் மாநிலம் சம்பளம் கொடுத்து அனுப்பிய வாசிப்புப் பயிற்றுநர்கள், மழலை வகுப்பிலிருந்தே சோதனை. பள்ளித் தர அட்டையில் கடைசிக் கால் பகுதிப் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குத் தனி மதிப்பெண். 2024 நேப் தேர்வில் மிசிசிப்பியின் நான்காம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண் 219. நாட்டின் சராசரி 214. பிள்ளைகளை ஒரே வகுப்பில் நிறுத்திவைப்பதால் கிடைத்த வெற்றி என்று விமர்சிப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் இவ்வளவு பிரகாசம் இல்லை என்பதும் உண்மை. இருந்தாலும், ஏழ்மையில் முதல் வரிசையில் நிற்கும் மாநிலம் இதைச் செய்திருக்கிறது. இதில் எதையும் மத்திய சட்டம் கட்டளையிடவில்லை. எண்ணிப் பார்க்கத்தான் வைத்தது; எண்ணிய பிறகு என்ன செய்வது என்பதை மாநிலம் யோசித்தது. இரு சட்டங்களையும் வைத்து நடந்த சண்டையில் பலர் தவறவிட்ட இடம் இதுதான். பட்டியல் போடுவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் மாநிலங்களே இன்னும் அதிகம். டைட்டில் ஒன் நிதியில் 7 விழுக்காட்டைப் பின்தங்கிய பள்ளிகளைச் சீரமைக்க ஒதுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் சில இடங்களில் நல்ல ஆசிரியராகிறது. பல இடங்களில் ஆலோசகர் எழுதித் தரும் தடித்த திட்ட அறிக்கையாகிறது.

2020 வசந்தத்தில் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. 2002-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 2021-ல் தேர்வு நடந்தது, பின்தங்கிய பள்ளிகளின் பட்டியலுக்கு விலக்கு. அதன்பின் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கியதும் கணக்குக் கேட்கும் கையே தளர்ந்தது. 2025 மார்ச்சில் மத்தியக் கல்வித் துறை தன் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. துறையை மூடும் வேலையைத் தொடங்கச் சொல்லி டிரம்ப் ஆணையும் பிறப்பித்தார். நவம்பரில் டைட்டில் ஒன் உள்ளிட்ட பள்ளித் திட்டங்களின் நிர்வாகத்தைத் தொழிலாளர் துறையிடம் கொண்டுபோகும் ஒப்பந்தம் வந்தது. அயோவா, இண்டியானா போன்ற மாநிலங்கள் மேலும் தளர்வு கேட்டு விண்ணப்பித்தன. சட்டம் மாறவில்லை, அதை அமல்படுத்த ஆள் குறைந்திருக்கிறது. மாநிலங்களுக்கு நம்பிக்கை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் 19 லட்சம் பிள்ளைகளின் மதிப்பெண்கள் காணாமல் போனது, கேள்வி கேட்கும் துறை முழு பலத்தோடு இருந்த காலத்தில்.

அங்கே குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் படிவத்தில் 'தமிழ்' என்று எழுதினால், பிள்ளைக்கு ஆங்கிலச் சோதனை வைப்பார்கள். தேவையென்றால் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் பிரிவில் சேர்ப்பார்கள். அந்தப் பிரிவின் முன்னேற்றம்தான் பள்ளியின் தர அட்டையில் ஏறுகிறது. சோதனைக்குப் பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத்தான் அவர்கள் தள்ளிவிடுகிறார்கள். வீடு வாங்கும் முன் இணையத்தில் பள்ளியின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் நம்மவர்களிடம் பரவலான பழக்கம். அந்த மொத்த மதிப்பெண் பெரும்பாலும் அந்தத் தெருவின் வருமானத்தைத்தான் சொல்லும். மாநிலம் வெளியிடும் அறிக்கை அட்டையில், சட்டப்படி, ஒவ்வொரு பிரிவின் முடிவும், ஒவ்வொரு மாணவருக்கும் அந்தப் பள்ளி செலவழிக்கும் தொகையும் இருக்கின்றன. ஏழைப் பிள்ளைகளின் வரியைப் பாருங்கள்; ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் வரியைப் பாருங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் அந்த வரி அசையாமல் கிடந்தால், மாவட்டப் பள்ளி வாரியக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததுதான்; போய், என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வாஷிங்டன் இனி உங்களுக்காகக் கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.